ரொட்டியும் சர்க்கஸும்: ஒரு காலி மைதானத்தை வாசித்தல்

நம் சிறுபத்திரிகைகளில் வெகுஜன ரசனையைத் திட்டுகிறவர்களுக்கெல்லாம் கைகொடுத்து வந்த ஒரு சொற்றொடர் 'ரொட்டியும் சர்க்கஸும்'. சினிமா ரசிகனைத் திட்ட, கிரிக்கெட் பார்க்கிறவனைத் திட்ட, இலவசத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வரிசையில் நின்றவனைத் திட்ட என்று எதற்கும் பொருந்தும். நானும் எழுதியிருக்கிறேன். வாக்காளர்களைப் பற்றிய ஒரு கட்டுரையின் கடைசி வரியாக அதைப் போட்டுவிட்டு, முத்தாய்ப்பு வைத்த திருப்தியில் தூங்கப் போனது நன்றாக ஞாபகமிருக்கிறது. சொற்றொடருக்கு உரியவன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஜுவெனல் என்ற ரோமானிய அங்கதக் கவிஞன். ஒரு காலத்தில் பதவிகளையும் படைகளையும் வழங்கும் அதிகாரம் தம் கையில் இருந்த மக்கள், இப்போது இரண்டே இரண்டு விஷயங்களுக்காக மட்டும் ஏங்கிக் கிடக்கிறார்களே என்று அவன் தன் பத்தாவது அங்கதப் பாடலில் சலித்துக்கொள்கிறான்.

முதலில் அந்தச் 'சர்க்கஸ்' விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கஸ் என்றதும் நமக்குக் கூடாரம், யானை, பார் விளையாட்டு, கோமாளி. ஜுவெனல் சொன்னது அதுவல்ல. லத்தீனில் 'கிர்குஸ்' என்றால் வளையம். தேர்ப்பந்தயம் நடக்கும் ஓடுகளம். கூடாரச் சர்க்கஸின் தொடக்கம் 1768-இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி காட்டிய குதிரை வித்தை. ஜுவெனலுக்கும் அதற்கும் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. இது வெறும் அகராதிப் பிழை என்று நான் கருதவில்லை. கூடாரத்தில் உட்கார்ந்திருப்பவன் வாய் பிளந்து பார்ப்பான், கைதட்டுவான், அவ்வளவுதான். பந்தயத்தில் இருப்பவன் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறான், பணம் கட்டுகிறான், கத்துகிறான், தோற்கிறான். முன்னவனைக் குழந்தையாக்குவது எளிது. நம் மொழிபெயர்ப்புச் சொல் பின்னவனையும் சேர்த்துக் குழந்தையாக்கிவிட்டது.

சென்ற ஆண்டு ரோமில் பத்து நாள் இருக்க வாய்த்தது. கல்லூரியில் என்னோடு தமிழ் படித்த நண்பன் ஒருவன் பிறகு குருமடத்தில் சேர்ந்து பாதிரியாராகி, இப்போது அங்கே இறையியலில் மேற்படிப்பு படிக்கிறான். ரோம் என்றதும் நம் ஆட்களுக்கு முசிறி, மிளகு, அரிக்கமேடு என்று ஒரு புல்லரிப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது, மறைப்பானேன். ஆனால் நான் முதலில் பார்க்க விரும்பிய இடம் கிர்குஸ் மாக்ஸிமுஸ், அதாவது 'மிகப் பெரிய வளையம்'. திட்டுவதற்குப் பயன்படுத்திய சொல்லின் முகவரிக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிரப் பெரிய காரணம் இல்லை.

சுரங்க ரயிலில் இத்தாலிய உச்சரிப்பில் 'சிர்கோ மாஸ்ஸிமோ' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. படியேறி வெளியே வந்து பார்த்தால் எதிரில் ஒன்றுமே இல்லை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே நீளமாக ஒரு பள்ளம், இருபுறமும் புல் முளைத்த சரிவு. வற்றிப்போன ஏரிக்குள் இறங்கி நிற்கிற மாதிரி இருந்தது. நாயை நடத்திக்கொண்டு சிலர், மூச்சு வாங்க ஓடிக்கொண்டு சிலர். "இதப் பாக்கவாடா இவ்வளவு தூரம் வந்த? கொலோசியம் பக்கத்துலதான் இருக்கு, வா" என்றான் நண்பன். அவன் சொன்னதில் தப்பில்லை. கொலோசியத்துக்குச் சுவர் இருக்கிறது, புகைப்படத்தில் விழும். ஆனால் கொலோசியத்தில் உட்கார்ந்தவர்கள் சுமார் 50,000 பேர் என்கிறார்கள். இங்கே 1,50,000 பேர் என்று டயோனிசியஸும் 2,50,000 பேர் என்று மூத்த பிளினியும் எழுதி வைத்திருக்கிறார்கள். பிளினியின் கணக்கை நம்பாதவர்கள்கூட முந்தையதை ஒப்புக்கொள்கிறார்கள். கொலோசியம் திறக்கப்பட்டது கி.பி. 80-இல். இங்கே பந்தயம் ஓட ஆரம்பித்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு. கடைசியாகப் பந்தயம் நடந்ததாகத் தெரியவருவது 549-இல், கோத் அரசன் டோட்டிலா நகரைப் பிடித்து வைத்திருந்தபோது. ரோம் என்றால் கொலோசியம் என்பது சுற்றுலாத் துறையின் வாசிப்பு.

தற்போதைய தரைக்குப் பல மீட்டர் கீழே ஓடுகளம் புதைந்து கிடக்கிறது. கிழக்குக் கோடியில், தேர்கள் திரும்பும் வளைவில் மட்டும் செங்கல் வளைவறைகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. பக்கத்தில் இடைக்காலக் கோபுரம் ஒன்று ஒண்டியாக நிற்கிறது. அகழ்ந்து சீரமைத்த அந்தப் பகுதியை 2016-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இருக்கைகளுக்குச் செல்லும் படிகள், கல் பாவிய தெரு, சின்னச்சின்னக் கடைகள், கழிப்பிடங்கள் எல்லாம் அங்கே தெரிகின்றன. கி.பி. 64-இல் ரோமைத் தின்ற பெருந்தீ மைதானத்தை ஒட்டிய இப்படிப்பட்ட கடைகளில்தான் பிடித்தது என்கிறான் வரலாற்றாசிரியன் டாசிடஸ். நீரோ பிடில் வாசித்த கதையைச் சொல்கிறவர்கள் இந்தக் கடைகளைச் சொல்வதில்லை.

பந்தயம் எப்படி நடந்தது? மேற்குக் கோடியில், டைபர் நதிப் பக்கம், பன்னிரண்டு கொட்டில்கள். தலைமை தாங்கும் அதிகாரி வெள்ளைத் துணியைக் கீழே போட்டதும் கதவுகள் திறக்கும். மைதானத்தின் நடுவே ஓடும் நீண்ட மேடையை இடப்பக்கமாக வைத்து ஏழு சுற்று. சுற்றுக் கணக்குக்கு மேடைமீது ஏழு முட்டைகளும் ஏழு டால்பின் உருவங்களும். நான்கு குதிரை பூட்டிய இலேசான தேர். ஓட்டுபவன் கடிவாள வாரை இடுப்பில் சுற்றிக் கட்டியிருப்பான். தேர் கவிழ்ந்தால் அறுத்துக்கொள்ள ஒரு கத்தி. கவிழ்வதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கப்பல் உடைதல்'. தேரோட்டிகளில் பெரும்பாலோர் அடிமைகள், அல்லது அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். லூசிடானியாவைச் சேர்ந்த டியோகிளெஸ் என்பவன் 24 வருஷம் ஓட்டி, 4,257 பந்தயங்களில் 1,462 முறை ஜெயித்து, 3,58,63,120 செஸ்டெர்ஸ் பரிசு வாங்கி, 42 வயதில் முழு உடம்போடு ஓய்வு பெற்றதைக் கல்வெட்டு சொல்கிறது. விதிவிலக்கு அவன். அவனைவிட அதிகம் ஜெயித்த ஸ்கார்ப்புஸ் முப்பது வயதைப் பார்க்கவில்லை.

ஓட்டுபவர்கள் நான்கு அணிகள்: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. இந்த நிறங்களைப் பற்றி இளைய பிளினி ஒரு கடிதம் எழுதியிருக்கிறான். அவன் செனட் உறுப்பினன், படித்தவன், பணக்காரன். ஊரே பந்தயத்துக்குப் போயிருக்கும் நாட்களில் தான் நிம்மதியாக எழுத்து வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறான். குதிரையின் வேகத்துக்கோ ஓட்டுபவனின் திறமைக்கோ கூட்டம் மயங்கினாலாவது நியாயம் உண்டு, இவர்கள் மயங்குவது ஒரு துண்டுத் துணிக்கு, ஓட்டத்தின் நடுவில் நிறங்களை மாற்றிப் போட்டால் ஆதரவும் மாறிவிடும் என்பது அவன் வாதம்.

சசூரைப் படித்த நமக்கு இதைக் கேட்டதும் சிரிப்புத்தான் வர வேண்டும். பச்சை என்பது நீலம் அல்லாதது. அதற்குமேல் அதற்கு உள்ளடக்கம் எதுவும் வேண்டியதில்லை. பிளினி கேலி செய்வது கூட்டத்தின் முட்டாள்தனத்தை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். உண்மையில் அவன் கண்டுபிடித்திருப்பது குறி இயங்கும் விதத்தை. செனட்டனின் அங்கியில் ஓடும் ஊதாக் கரையும் துண்டுத் துணிதான். அதைக் கழற்றி அடிமைக்குப் போட்டால் என்ன ஆகும் என்று அவன் ஏன் கேட்கவில்லை?

நிறம் வெறும் நிறமாகவே இருந்துவிடவும் இல்லை. கலிகுலாவும் நீரோவும் பச்சை ஆட்கள், விட்டெலியுஸ் நீலம். நீல அணியைப் பகிரங்கமாகத் திட்டிய சாமானியர்கள் சிலரை விட்டெலியுஸ் கொன்றுபோட்டான் என்கிறான் சுவடோனியஸ். நீலத்தைத் திட்டுவது தன்னைத் திட்டுவதே என்பது அவன் புரிதல். அவன் புரிந்துகொண்டது சரியாகவே இருந்திருக்கலாம். மன்னனைத் திட்ட முடியாத ஊரில் நீலத்தைத் திட்ட முடிந்திருக்கிறது, கொஞ்ச காலமாவது. நீலம் இந்த வர்க்கம், பச்சை அந்த வர்க்கம் என்று கட்சி பிரித்துப் பார்க்கும் பழைய ஆய்வுகளை 1976-இல் ஆலன் காமரன் தன் நூலில் தகர்த்தார். அதை நான் ஏற்கிறேன். நிரந்தர அர்த்தம் இல்லாததால்தான் அந்தந்த நேரத்துக் கோபம் அதில் ஏறி உட்கார முடிகிறது.

பள்ளத்தின் நடுவில் நின்று வடக்கே நிமிர்ந்தால் பாலட்டைன் குன்றின்மேல் அரண்மனையின் இடிபாடுகள் நேராகத் தலைக்குமேல் தெரிகின்றன. அங்கேதான் அந்த இடத்தின் பூடகம் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. மன்னன் பார்க்கிறான் என்பது சரி. அவனையும் ஒன்றரை லட்சம் பேர் பார்க்கிறார்கள். தேர்தல் செத்துப்போன நகரத்தில் ஆள்பவனும் ஆளப்படுபவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் இடம் இதைப்போல் இன்னொன்று இல்லை. பந்தயத்தில் கூடி மன்னர்களிடம் கோரிக்கை வைப்பதும் மன்னர்கள் அதை நிறைவேற்றுவதும் ரோமில் வழக்கம் என்று யூத வரலாற்றாசிரியன் ஜோசிபஸ் எழுதுகிறான். எழுதிவிட்டு, வரியைக் குறைக்கச் சொல்லிக் கத்தியவர்களைப் பிடித்துக் கொல்லும்படி கலிகுலா உத்தரவிட்டதையும் சொல்கிறான். கொஞ்ச நாளில் கலிகுலாவே கொல்லப்பட்டான்; அது கி.பி. 41.

இதைவிட முக்கியமானது 190 வாக்கில் நடந்தது. கொம்மொடுஸ் மன்னன், ஆனால் அதிகாரம் முழுக்க கிளியாண்டர் என்ற அணுக்கன் கையில். நகரத்தில் தானியப் பஞ்சம். தானிய அதிகாரி ஒருவன் பழியைக் கிளியாண்டர்மீது போடுவதற்காகப் பஞ்சத்தை இன்னும் கூட்டினான் என்கிறார்கள். பந்தய நாள். ஏழாவது ஓட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் ஒரு கூட்டம் சிறுவர்கள் களத்துக்குள் ஓடிவருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் உயரமான, கடுகடுத்த முகமுள்ள ஒரு பெண். சிறுவர்கள் ஒரே குரலில் கசப்பான வார்த்தைகளைக் கத்துகிறார்கள். இருக்கைகளில் இருந்தவர்கள் அதை வாங்கித் தாங்களும் கத்துகிறார்கள். பிறகு எல்லோரும் கீழே குதித்து, ஊருக்கு வெளியே மாளிகையில் இருந்த மன்னனைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள், மன்னனை வாழ்த்திக்கொண்டும் கிளியாண்டரைச் சபித்துக்கொண்டும். படைவீரர்கள் வெட்டிச் சாய்த்தும் கூட்டம் நிற்கவில்லை. பயந்துபோன கொம்மொடுஸ் கிளியாண்டரையும் அவன் மகனையும் கொல்லச் சொல்லிவிடுகிறான். இதை எழுதிய டியோ காசியுஸ் அதே காலத்தில் வாழ்ந்தவன், அவனும் செனட்டன். அந்தப் பெண் ஏதோ தெய்வம் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்களாம். யாரோ ஏற்பாடு செய்த நாடகமாகவும் இருக்கலாம். ஏற்பாடு செய்தவன் கையைவிட்டு அது எங்கே போய் நின்றது என்பதுதான் விஷயம்.

கூட்டம் போன மாளிகை அப்பியா நெடுஞ்சாலையில் இருந்தது. அந்தச் சாலை நகரச் சுவரைத் தாண்டிய கபேனா வாயில் இந்த மைதானத்தின் கிழக்குக் கோடிக்குச் சற்று அப்பால். அப்படியானால் இப்போது சுரங்க ரயில் நிலையம் இருக்கும் பக்கமாகத்தான் அவர்கள் போயிருக்க வேண்டும். ஜுவெனலின் இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். சர்க்கஸைக் கொடுத்தால் ரொட்டியை மறந்துவிடுவார்கள் என்பது நாம் அவன் தலையில் ஏற்றிய அர்த்தம். இங்கே சர்க்கஸில் உட்கார்ந்துதான் ரொட்டி கேட்டிருக்கிறார்கள். விளையாட்டு என்பது மக்களை அரசியலிலிருந்து திசைதிருப்பும் உத்தி என்ற விளக்கத்தை, அந்தச் சொற்றொடரையே தலைப்பாக வைத்த பெரிய புத்தகத்தில், 1976-இலேயே பால் வெய்ன் மறுத்துவிட்டார். ஃபூக்கோவின் நண்பர் என்ற அளவில் நமக்கு அவர் பெயர் தெரியும்; புத்தகம் தெரியாது. நானும் அதைப் பிந்தித்தான் படித்தேன்.

சரி, கூட்டம் கலகம் செய்தது, ஆகவே கூட்டம் வாழ்க என்று முடித்துவிடலாமா? தொண்ணூறுகளில் நம்மில் சிலர் அப்படி முடித்துப் பழகியவர்கள். மைதானத்தைச் சுற்றி நடந்தபோது அதுவும் போதாது என்று பட்டது.

தெற்கே அவென்டைன் குன்று. பிளெபியர்கள் எனப்பட்ட சாமானியர்களின் குன்று. அதன் சரிவில், தேர்க் கொட்டில்களுக்கு அருகே தானியத் தெய்வமான செரெஸின் கோயில் இருந்தது. அது கி.மு. 493-இல் எழுப்பப்பட்டது என்பது மரபு. இன்று அதன் சுவடு கண்ணில் படவில்லை. மலிவு விலையில் தானியம் கொடுக்கும் சட்டத்தை கி.மு. 123-இல் கொண்டுவந்த கயுஸ் கிராக்குஸ், இரண்டு வருஷத்தில், இதே குன்றில் ஆதரவாளர்களோடு கடைசியாகக் கூடி, பிறகு விரட்டப்பட்டுச் செத்தான். ரொட்டி யாரோ விட்டெறிந்த பிச்சை அல்ல, இரத்தம் சிந்தி வாங்கியது என்பதற்கு இது போதும். கி.மு. 58-இல் அது இலவசமாயிற்று. அகஸ்டஸ் காலத்தில் வாங்கியவர்கள் இரண்டு லட்சம் பேர்.

ஆனால் அந்தத் தானியம் எங்கே விளைந்தது? சிசிலியில், வட ஆப்பிரிக்காவில், எகிப்தில். கி.மு. 30-இல் எகிப்து ரோமின் கைக்கு வந்தது. நைல் விவசாயி வரியாக அளந்த கோதுமை அலெக்சாந்திரியாவில் கப்பலேறியது. கி.மு. 10-இல் இன்னொரு சரக்கும் அதே கடலைத் தாண்டி வந்தது: ஹீலியோபோலிஸிலிருந்து ஒரு கல்தூண். அகஸ்டஸ் அதை இந்த மைதானத்தின் நடுமேடையில் நட்டு, எகிப்து ரோமானிய மக்களின் அதிகாரத்துக்குள் வந்ததை அடிக்கல்லில் பொறித்து வைத்தான். 357-இல் இரண்டாம் கான்ஸ்டான்டியுஸ் கர்னாக் கோயில் தூண் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் நட்டான். நிற்கிற பழங்காலத் தூண்களில் அதைவிட உயரமானது உலகில் இல்லை. இரண்டும் இப்போது இங்கே இல்லை. போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் தோண்டியெடுத்து 1588-இலும் 1589-இலும் வேறு சதுக்கங்களில் நிறுத்திவிட்டார். ரொட்டியும் சர்க்கஸும் ஒரே கொள்ளையின் இரண்டு மூட்டைகள். ஜுவெனல் ரோமானியக் கூட்டத்தைத் திட்டினான். நைல் கரை அவன் கண்ணில் படவில்லை. கிளியாண்டருக்கு எதிராகக் கத்திய அந்தச் சிறுவர்களின் கண்ணிலும் படவில்லை. கூட்டத்தின் குரல் உண்மையானதுதான். அது கேட்ட ரொட்டி இன்னொருவன் களத்திலிருந்து வந்ததும் உண்மைதான்.

கிழக்கு வளைவில் டைட்டஸின் வெற்றி வளைவு ஒன்று இருந்தது. ஃபோரத்தில் இன்றும் நிற்பது வேறு. ஜெருசலேம் வீழ்ந்ததைக் கொண்டாட கி.பி. 81-இல் எழுப்பியது, அதன் அடியில்தான் வெற்றி ஊர்வலங்கள் மைதானத்தைக் கடந்தன. எதிரே அவென்டைன் சரிவில் ஒரு ரோஜாத் தோட்டம். 1645-இலிருந்து அது ரோம் யூதர்களின் இடுகாடு. 1934-இல் கல்லறைகள் இடம்பெயர்க்கப்பட்டன. 1950-இல் தோட்டம் வந்தது. இடுகாடாக இருந்ததன் நினைவாகத் தோட்டத்தின் பாதைகளை ஏழு கிளை விளக்குத்தண்டின் வடிவத்தில் அமைத்திருக்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால்தான் தெரியும். கீழே நடக்கிறவனுக்கு அது வெறும் பாதை.

காலியாக இருப்பதாலேயே இந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு அதிகாரமும் எழுதிப் பார்த்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிவாயு ஆலை. முசோலினி காலத்தில் 1937-இலிருந்து பொருட்காட்சிகள். குழந்தைகளுக்கான கோடை முகாம்கள், ஜவுளி, சுயசார்புக் கனிமங்கள் என்று தலைப்புகள் மாறின. 2006-இல் உலகக் கோப்பை வென்ற இத்தாலியக் கால்பந்து அணியை வரவேற்க ஜனங்கள் நிரம்பியதும் இங்கேதான். நண்பன் அந்த அணியின் ரசிகன்; அந்த நாளைப் பற்றி, நேரில் பார்க்காதவன், நேரில் பார்த்தவன் போலச் சொன்னான்.

கடைசியில் ரயில் நிலையத்துக்கே திரும்பி வந்தோம். பக்கத்தில் ஒரு பிரம்மாண்டமான வெள்ளைக் கட்டடம். ஐ.நா.வின் உணவு மற்றும் விவசாய நிறுவனம். ஆனால் கட்டத் தொடங்கியது அதற்காக அல்ல. இத்தாலிய ஆப்பிரிக்காவுக்கான அமைச்சகத்துக்காக, அதாவது எத்தியோப்பியாவையும் லிபியாவையும் ஆள்வதற்காக. போரில் இத்தாலி தோற்றது, காலனிகள் போயின, 1951-இல் ஐ.நா. நிறுவனம் குடிவந்தது. எதிரே எத்தியோப்பியாவின் அக்ஸும் நகரத்திலிருந்து 1937-இல் முசோலினி கொண்டுவந்து நிறுத்திய 24 மீட்டர் உயரக் கல்தூண் நின்றது. அகஸ்டஸ் செய்ததையே அவனும் செய்தான், அதே மைதானத்தின் ஓரத்தில். திருப்பித் தருவதாக 1947 சமாதான உடன்படிக்கையில் இத்தாலி ஒப்புக்கொண்டது. தூண் ஊர் போய்ச் சேர்ந்தது 2005-இல். மறுபடி நிமிர்ந்து நின்றது 2008-இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கு மேல், உலகத்தின் பசியைப் பற்றிப் பேச வந்த பிரதிநிதிகள் எல்லாம் அந்தத் திருட்டுக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. 1956 முதல் 1967 வரை தலைமை இயக்குநராக இருந்தவர் பி.ஆர். சென், 1981 முதல் 1985 வரை அதன் மன்றத்துக்குத் தலைவராக இருந்தவர் கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன். பசித்தோர் எண்ணிக்கையை 2015-க்குள் பாதியாக்குவோம் என்று 1996-இல் உலகத் தலைவர்கள் உறுதி எடுத்ததும் இங்கேதான். பாதியாகவில்லை.

நிறுவனத்தின் சின்னத்தில் ஒரு கோதுமைக் கதிர். கீழே லத்தீனில் இரண்டு சொற்கள். "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். நண்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ரொட்டி உண்டாகட்டும்" என்றான். பைபிள் வாசகமா என்று கேட்டேன். "ஒளி உண்டாகட்டும்னுதான் பைபிள்ல வரும். இது அதே தோரணையில இவங்களா பண்ணது" என்றான்.

என் பழைய கட்டுரைகள் சில தொகுப்பாக வரவிருக்கின்றன. ஊருக்கு வந்ததும் பிழைதிருத்தப் படியில் வாக்காளர் கட்டுரையின் கடைசி வரியை அடித்தேன். அதற்கு முந்தைய பத்தியும் அந்த வரிக்காகவே எழுதப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் படி அச்சகத்துக்குப் போய்விட்டது.